வீட்டில் எடுத்த ரத்தத்தை ஏன் நம்ப மறுக்கிறோம்?

எச்.ஐ.வி. பரிசோதனை என்று பேச்செடுத்தால் நம் மருத்துவர்களும் அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறார்கள். ரத்தத்தைப் பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். முடிவை ஆலோசகர்தான் எதிரே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தன் விரலைத் தானே குத்தி, சொட்டிய ரத்தத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டு, போனில் முடிவைக் கேட்டுக்கொள்வது ஆபத்து. ரத்தம் கெட்டுப்போகும், மனம் உடைந்துபோகும், ஆள் சிகிச்சைக்கு வராமலே மறைந்துபோவார்.

இதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மருந்தே இல்லாத காலத்தில் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் அழுததைப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். அந்த அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தவறு என்று நினைக்கிறேன். அதன் விலையைக் கொடுப்பவர்கள் மையத்துக்கு வந்து வரிசையில் நிற்பவர்கள் அல்லர், அந்த வாசலுக்கு வரவே முடியாதவர்கள்.

முதலில் ரத்தத்தைப் பற்றிப் பேசலாம், ஏனென்றால் அதிகம் பேசப்படாமலே ஒப்புக்கொள்ளப்படுவது அதுதான். வைரஸ் உடம்பில் நுழைந்தபின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை, டாக்டர்கள் ஆன்டிபாடி என்பதை, தேடுவதுதான் இந்தப் பரிசோதனை. எதிர்ப்பொருள் ஒரு புரதம், அதுவும் உறுதியான புரதம். ரத்தத் துளியைத் தடித்த வடிதாளில் விட்டுக் காயவைத்தால் அது தாளோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கறையிலிருந்து ஒரு சிறு வட்டத்தைத் துளைத்தெடுத்து, கரைசலில் ஊறவைத்து, எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, வழக்கமான எலைசா சோதனைக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் பச்சிளங்குழந்தைகளின் குதிகாலைக் குத்தி, ரத்தத்தைத் தாளில் ஏற்றி, பிறவி நோய்களைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார். அறுபது ஆண்டுகளாக உலகம் முழுவதும் கோடிக்கணக்கான குழந்தைகளின் காய்ந்த ரத்தம் தபாலில் பயணம் செய்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை வழிகாட்டியும் காய்ந்த ரத்தத்தை ஏற்கிறது.

‘அங்கே குளிர், இங்கே சித்திரை வெயில்’ என்பார்கள். நம் அரசே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் உடலில் தாயின் எதிர்ப்பொருள் ஒன்றரை வயதுவரைகூடத் தங்கலாம் என்பதால், அந்த வயதுக்கு முன் எதிர்ப்பொருள் சோதனை குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்பதைச் சொல்லாது. வைரஸின் மரபுப்பொருளையே தேட வேண்டும். அது எதிர்ப்பொருளைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது. அதற்காக 2010 முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆறு வாரக் குழந்தையின் குதிகால் ரத்தத்தைத் தாளில் காயவைத்துத் தொலைவிலுள்ள பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பிவருகிறது. அதே இந்திய வெயில்தான், அதே சாலைகள்தான். காய்ந்த ரத்தத்துக்குச் சூட்டைவிட ஈரம்தான் பெரிய எதிரி. அதனால்தான் உறையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வைத்து மூடுகிறார்கள்.

சரி, குத்துவது வெறும் கை, பயிற்சி இல்லாத கை. அந்தக் கை என்ன தவறு செய்யும்? ரத்தம் போதாமல் போகும். அது உண்மைதான். ஒரு சிறு குழாயை நிரப்பச் சொன்னால் பலரால் முடிவதில்லை. விரலைப் பிழிந்து பிழிந்து, சிவப்பணுக்கள் உடைந்து, மாதிரி பாழாகிறது. அதற்காகத்தான் குழாயைவிடத் தாள் நல்லது என்கிறேன். கையை வெந்நீரில் கழுவ வேண்டும். தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட வேண்டும். நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளிகளைத் தேய்க்காமல் தாளில் தானாக விழவிட வேண்டும். தாளைத் தட்டையாக வைத்து, வெயில் படாமல், மூன்று நான்கு மணி நேரம் காயவிட வேண்டும். இவ்வளவுதான். படம் போட்டுத் தமிழில் அச்சிட்டால் ஒரு பக்கம். இதைச் செய்ய முடியாத கை தமிழ்நாட்டில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், சர்க்கரை நோயாளிகளை அவர்கள் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் தன் விரலைக் குத்தி குளுக்கோமீட்டர் பட்டையில் வைக்கும் பாட்டிகள் தெருவுக்கு இரண்டு பேர். அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டுகிறவர்களும் அவர்களே. அந்த அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. அங்கே யாரும் ‘பயிற்சி பெற்றவர் வேண்டும்’ என்று தடுக்கவில்லை. அப்படியானால் எதிர்ப்பு ஊசி மேல் இல்லை. இந்த நோய் மேல்தான்.

இரண்டாவது வாதம் மனம் பற்றியது. தனியாக இருக்கும்போது ‘பாசிட்டிவ்’ என்று தெரிந்தால் ஆள் என்ன ஆவார்? இந்தக் கேள்வியை அமெரிக்கா பத்து ஆண்டுகளுக்கு அருகில் விவாதித்தது. எச்.ஐ.வி. எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் எலைசா சோதனைக்கு அங்கே 1985 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, வீட்டில் விரலைக் குத்தி ரத்தத்தைத் தாளில் ஏற்றி அனுப்பும் பெட்டியை விற்க விண்ணப்பங்கள் வந்தன. உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கதவைச் சாத்தியது. மருத்துவ வளாகத்தில், தொழில்முறையாளர் எடுக்கும் மாதிரிக்கு மட்டுமே அனுமதி என்றது. தற்கொலை நடக்கும், ஆலோசனை இல்லாமல் மக்கள் சிதைந்துபோவார்கள், தொலைபேசியில் சொல்லக்கூடிய செய்தியா இது என்று விசாரணைக் கூட்டங்களில் பேசப்பட்டது. அப்போது அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. மருந்து என்று இருந்தது 1987-ல் வந்த ஏ.இசட்.டி. ஒன்றுதான், அதுவும் நீடித்துக் காக்கவில்லை. தெரிந்துகொண்டு செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லாத காலத்தில், தெரிவிப்பது கொடுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1996 மே மாதம் ‘கான்ஃபைட்’ என்ற பெட்டிக்கு எஃப்.டி.ஏ. கடைசியில் அனுமதி கொடுத்தது. ஜூலையில் ‘ஹோம் ஆக்சஸ்’ வந்தது. பெயர் கேட்கவில்லை, ஒரு எண் மட்டும். அந்த எண்ணைச் சொல்லி அழைத்தால், தொற்று இல்லாதவர்களுக்குப் பதிவுசெய்த குரல் பதில் சொன்னது. தொற்று உள்ளவர்களிடம் பயிற்சி பெற்ற ஆலோசகர் நேரடியாகப் பேசினார். முதல் ஆண்டில் நடந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெர்னார்ட் பிரான்சன் 1998-ல் எழுதினார். 1,74,316 மாதிரிகள் வந்தன. அவற்றில் 0.9 சதவீதம் பாசிட்டிவ். முடிவைக் கேட்டு அழைத்தவர்கள் 97 சதவீதம். பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் அதுவரை எங்கும் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள். பாசிட்டிவ் என்று வந்தவர்களிலும் 49 சதவீதம் அப்படித்தான்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வாங்கத் திரும்பி வராதவர்கள் அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் பெரிய தலைவலி. வீட்டில் குத்திக்கொண்டவர்களோ நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அழைத்துக் கேட்டார்கள். மறைந்துபோவார்கள் என்று பயந்தது யாரை? பாசிட்டிவ் ஆனவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெட்டி இல்லையென்றால் தன் நிலை எப்போது தெரிந்திருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. எஃப்.டி.ஏ. தயங்கிய ஆண்டுகளில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை உலகுக்கு அறிமுகமானதும் அதே 1996-ல்தான். செய்தியின் தன்மையே மாறிவிட்ட ஆண்டு அது. ஆனாலும் பழைய பயம் இன்னும் பல இடங்களில் கொள்கையாக உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனில் எச்.ஐ.வி. வீட்டுச் சோதனைப் பெட்டி விற்பனையைத் தடுத்த 1992-ன் விதி 2014 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டது.

மூன்றாவதாக வருவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: சம்மதம். மையத்தில் எடுத்தால்தான் நோயாளியின் சம்மதம் பாதுகாக்கப்படும், வீட்டில் எடுத்தால் இல்லை என்கிறார்கள். நம் சொந்த வரலாறு வேறு கதை சொல்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986 பிப்ரவரியில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா செல்லப்பன் என்ற நுண்ணுயிரியல் மாணவி எண்பதுக்கும் மேற்பட்ட பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். வைக்க இடம் இல்லாததால் மாதிரிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு கணவரோடு இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய், சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார். அந்தத் துணிச்சலுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் ரத்தம் கொடுத்தவர்கள் காவலில் இருந்த பெண்கள். அது எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜால் அந்த மாதிரிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. குறைந்தது சம்மதம்தான், அது குறைந்தது ஒரு நிறுவனத்தின் சுவர்களுக்குள்.

கோவாவில் டொமினிக் டிசோசா மருத்துவமனையில் ரத்ததானம் செய்தார். 1989 பிப்ரவரியில் போலீஸ் அவரைப் பிடித்துப்போய் 64 நாள் தனிமையில் அடைத்தது. அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதே அந்த அலைக்கழிப்பின் நடுவில்தான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, தொற்று இருப்பதற்காகவே சென்னைக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களை விடுவிக்கப் பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இவை எல்லாமே ‘பயிற்சி பெற்றவர் எடுத்த’ ரத்தம். இத்தகைய காயங்களிலிருந்துதான் 2017-ன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அறிந்து தரும் சம்மதமும் முன்பின் ஆலோசனையும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆலோசனை எப்படி நடக்க வேண்டும் என்பதை வழிகாட்டு நெறிகளிடம் விட்டிருக்கிறது. போனில் நடக்கும் ஆலோசனையை அந்த நெறிகளில் தெளிவாக எழுதிச் சேர்க்கலாம். தன் விரலைத் தானே குத்திக்கொள்வதைவிடத் தெளிவான சம்மதம் வேறு என்ன இருக்க முடியும்? குத்துவதற்கு முந்தைய நொடிவரை ‘வேண்டாம்’ என்று பெட்டியை மூடிவைக்கும் உரிமை அவர் கையில் இருக்கிறது. நர்ஸ் கையில் ஊசியோடு நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். வீட்டுக்குள்ளும் அதிகாரம் இருக்கிறது. கணவன் மனைவியைக் குத்திக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம், மாமியார் மருமகளைச் சொல்லலாம். இது நடக்கக்கூடியது. ஆனால் இன்றும் அதே கணவன் மனைவியை லேபுக்கு இழுத்துப்போகலாம், ரிசல்ட் பேப்பரைக் கவுண்டரிலிருந்து தானே வாங்கிக்கொள்ளலாம். எண்ணை மட்டும் வைத்து முடிவைத் தரும் முறையில் அந்த எண் அவளிடம் இருக்கும், அழைப்பது அவளாக இருக்க முடியும். ஆலோசகர் முதல் கேள்வியாக ‘பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். கட்டாயப்படுத்துகிறவனைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். அதற்காகக் கோடிக்கணக்கானவர்களின் வழியை மூடுவது எப்படிச் சரியாகும்?

வாசலுக்கு வராதவர்கள் யார் என்று கேட்டால், நம் ஊர் அமைப்பைப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டில் பரிசோதனைக்கான பொதுவழி நம்பிக்கை மையம். பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்குள் இருக்கும். அந்த வராந்தாவில் நின்றால் தெரிந்தவர் யாராவது கண்ணில் படுவார். சிறிய ஊரில் லேப் டெக்னீஷியன் ஒருவருக்குச் சித்தப்பா முறையாக இருப்பார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். ஆணோடு உறவுள்ள ஆணுக்கும் திருநங்கைக்கும் அந்த ஆலோசனை அறையின் முதல் கேள்வியே சுவர். மையத்தில் இருப்பவர்கள் அன்பானவர்களாகவே இருக்கலாம், அந்த அன்பு வராந்தாவைத் தாண்டி வெளியே வருவதில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் சுமார் 25 லட்சம் பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தன் நிலை தெரியாது என்பது அரசின் சொந்த மதிப்பீடு. மையங்கள் கூடிய பிறகும் இந்த நிலை.

லண்டனின் லாம்பெத், சதர்க் பகுதிகளில் 16 முதல் 30 வயதுள்ள 2,072 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2017-ல் வெளியானது. ஒரு பாதிக்கு வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் பெட்டி கிடைக்கும் வழியைச் சொன்னார்கள், மறு பாதிக்கு மருத்துவ மையங்களின் விவரத்தை மட்டும். ஆறு வாரத்தில் முதல் பிரிவில் 50 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பாலியல் நோய்ப் பரிசோதனையைச் செய்து முடித்திருந்தார்கள். மறு பிரிவில் 26.6 சதவீதம். அமெரிக்காவில் ஆண்களோடு உறவுள்ள 2,665 ஆண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு ஒரு படி மேலே போனது. முடிவையும் தாங்களே பார்க்கும் கிட்டைத் தபாலில் அனுப்பியது. ஓர் ஆண்டில் அந்தப் பிரிவில் புதிதாகத் தெரியவந்த தொற்று 25, கிட் கிடைக்காத பிரிவில் 11.

தவறான பாசிட்டிவ் பற்றிய பயத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஆயிரம் பேரில் இரண்டு பேருக்குத் தொற்று இருக்கும் இடத்தில், 99.5 சதவீதம் துல்லியமாகத் தொற்றில்லாதவரை அடையாளம் காட்டும் சோதனைகூட ஐந்து பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். ரத்தம் வீட்டில் எடுத்ததா, கல்லூரி மருத்துவமனையில் எடுத்ததா என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் நம் நாட்டில் முதல் சோதனையை மட்டும் வைத்து யாரையும் பாசிட்டிவ் என்று அறிவிப்பதில்லை, வேறு சோதனைகளால் உறுதிசெய்கிறார்கள். வீட்டு மாதிரிக்கும் அதே விதி.

என் பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. வியாபாரிகள். 1999-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இணையத்தில் விற்ற சில எச்.ஐ.வி. கிட்களை வாங்கித் தொற்றுள்ள ரத்தத்தில் சோதித்தபோது அவை எல்லாமே ‘தொற்று இல்லை’ என்று காட்டின. முடிவைத் தானே பார்க்கும் கிட்டுக்கு அங்கே 2012-ல்தான் அனுமதி வந்தது. கொரோனா காலத்தில் வேறொரு தவறு நடந்தது. எதிர்ப்பொருள் இருந்தால் இனி நோய் வராது என்று சான்றிதழ் போலப் பலர் அதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வைரஸுக்கும் எதிர்ப்பொருள் வேறு செய்தி சொல்கிறது. எச்.ஐ.வி.யில் அது இருந்தால், பெரியவர்களைப் பொறுத்தவரை, தொற்று இருக்கிறது. ஹெபடைடிஸ் சி-யில் அது இருந்தால் எப்போதோ தொற்று வந்தது என்று மட்டும் தெரியும், இப்போது இருக்கிறதா என்பதற்கு இன்னொரு சோதனை வேண்டும். கொரோனாவில் அது பழைய கதையைச் சொல்லும், இன்றைய காய்ச்சலைப் பற்றிப் பேசாது. தொற்று வந்த முதல் வாரங்களில் எதுவும் தெரியாது என்பது எல்லாவற்றுக்கும் பொது. எச்.ஐ.வி.யில் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. வீட்டுப் பெட்டியில் எனக்குப் பயம் தருவது ஊசியல்ல, இந்த வேறுபாடுகளைச் சொல்லாத துண்டுத்தாள். அரசின் கண்டிப்பு அங்கேதான் வேண்டும்.

கொரோனாவிலேயே இந்த முறையின் பலமும் தெரிந்தது. 2020-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெய்ட்லின் சாட்லரும் சகாக்களும் நடத்திய ஆய்வுக்கு நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி தேர்ந்தெடுத்த 8,058 பேரின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் விரலைக் குத்தி, உறிஞ்சு முனையில் ரத்தத்தை ஏற்றித் தபாலில் அனுப்பியவர்கள். கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு தொற்றுக்கும் கண்ணில் படாமல் போனவை 4.8 என்று தெரிந்தது. ஊரடங்கில் மருத்துவமனைக்கு வந்தவர்களின் ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

கடைசியாக, பாசிட்டிவ் ஆனவர் சிகிச்சைக்கு வந்து சேர்வாரா என்ற கேள்வி. எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். 2011-ல் வெளியான ஹெச்.பி.டி.என். 052 ஆய்வு, சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் பங்குகொண்ட அந்த ஆய்வு, உடனே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறையும் என்று காட்டியது. 2017 முதல் இந்தியாவில் தொற்று உறுதியான எல்லோருக்கும் மருந்து இலவசம். ஆகவே முடிவு தெரிந்த நாளுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையே ஆளை இழப்பது பெரிய இழப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடைவெளியை அடைப்பது எப்படி என்று யோசிக்க வேண்டுமே தவிர, இடைவெளிக்கு முந்தைய வாசலையே அடைத்துவிடக் கூடாது.

அதற்கான கருவிகள் பெரும்பாலும் நம்மிடமே இருக்கின்றன. 1097 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. அதில் தமிழ் பேசும் ஆலோசகர்களைக் கூட்டி, பாசிட்டிவ் முடிவை மனிதக் குரல் மட்டுமே சொல்லும் என்று விதிக்கலாம். காய்ந்த ரத்தத் தாளைக் கையாளும் கூடங்கள் குழந்தைகளுக்காக ஏற்கனவே இயங்குகின்றன. நம்பிக்கை மையங்களை உறுதிச் சோதனைக்கும் மருந்துக்குமான இடமாக வைத்துக்கொண்டு, எந்த ஊர் மையம் என்பதை அழைப்பவரே தேர்ந்தெடுக்கலாம். உளுந்தூர்ப்பேட்டைக்காரர் திருச்சிக்குப் போகட்டும், யாரும் பார்க்காத இடத்துக்கு. பெட்டியை மருந்துக் கடையிலும் அஞ்சலகத்திலும் சமூக அமைப்புகளிடமும் விலையில்லாமல் கொடுக்கலாம். ஒரு முறை குத்தியதும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஊசி, தாள், ஈரம் உறிஞ்சி, முன்பணம் கட்டிய உறை, படத்தோடு தமிழ்த் துண்டுத்தாள், ஓர் எண். ஒரு மாவட்டத்தில் தொடங்கி, எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் மருந்துவரை வந்தார்கள் என்பதைத் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் மாதாமாதம் வெளியிடட்டும். அந்த எண்களைப் பார்த்த பிறகு என்னோடு வாதாட வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறேன்.